ஆப்பிள் கன்று வாங்குகிறீர்களா? முதலில் பில் கேளுங்கள்

'கடைசியில் அறுவடை, மார்ச் வரை கெடாது' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கிரானி ஸ்மித் கன்றுக்கு ஆன்லைனில் பணம் கட்டுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விளம்பரம் பொய்யில்லை. பூத்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து முற்றுகிற பச்சை ஆப்பிள் அது. குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் மரம் ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சில நூறு மணி நேரக் குளிர் வேண்டும். மகரந்தம் தர அருகில் வேறொரு ரகமும் வேண்டும். இவற்றை விற்பவர் சொல்வதில்லை; வாங்குபவரும் கேட்பதில்லை. சமவெளியில் நட்டுவிட்டு உரத்தைக் குறை சொல்கிறார்கள். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தாலே பணம் மிஞ்சியிருக்கும்.

பெரிய சிக்கல் காலம். கன்று காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விற்றது போலி ரகம் என்றால், அதன் பிறகுதான் தெரியும். நுகர்வோர் சட்டமோ, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள் தருகிறது. வாங்கிய நாளிலிருந்தே கணக்கு என்று எதிர்த்தரப்பு வாதாடும். காய்த்தபோதுதான் தெரிந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். எனவே ரகத்தின் பெயர், வேர்ச்செடியின் பெயர், விற்பவரின் முகவரி மூன்றும் உள்ள பில் வாங்குங்கள். கன்றில் கட்டியிருக்கும் சீட்டைப் படமெடுங்கள். விளம்பரத்தையும் சேமித்து வையுங்கள். நாளைக்கே அதை நீக்கிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த 'ஓகே சார்' பில் ஆகாது.

சந்தேகம் வந்த அன்றே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நேரில் ஆய்வு செய்து அறிக்கை தரக் கேளுங்கள். 'ஆப்பிள் எங்கள் திட்டத்தில் இல்லை' என்று வாயால் பதில் வந்தால் திரும்பி வராதீர்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையேல் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். விற்றவருக்கும் அதே நாளில் நோட்டீஸ் போகட்டும்.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால், விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கன்றுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் விதை வழக்கொன்றில் சொல்லிவிட்டது. 'நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று யாராவது விரட்டினால் அதைக் காட்டுங்கள். தாமதமாகிவிட்டால், காரணத்தை விளக்கும் மனுவையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவான ரகமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: சொன்ன சூழலில் சொன்னபடி விளையவில்லை என்றால், 39ஆம் பிரிவின்படி டெல்லியிலுள்ள அதற்கான ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம்.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பில். ஆய்வறிக்கை கைக்கு வரும்வரை மரத்தையும் தொடாதீர்கள். ஆத்திரத்தில் வெட்டி அடுப்பில் வைத்துவிட்டு வழக்குப் போட வருபவர்கள் இருக்கிறார்கள்.