ஊசி போட நாலு வருஷப் படிப்பா?



எங்கள் ஊர் குருவிநத்தத்தில், சாயங்காலம் ஆனால் என் வீட்டுத் திண்ணைக்கு நாலைந்து பிள்ளைகள் கணக்குப் போட வந்து விடுவார்கள். போன மாதம் ஒரு நாள், அடுத்த தெருப் பெண் ஒருத்தியும் வந்து உட்கார்ந்தாள். புதுச்சேரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். கையில் தலையணை கனத்தில் ஒரு புத்தகம்.

ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ''ஏங்க்கா, ஊசி போடுறதுக்கா நாலு வருஷம் படிக்கிறீங்க?'' என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவி, ''நர்சிங் படிக்கப் போறேன் சார்'' என்று வந்து நின்றாள். ''நல்லாப் படிக்கிற பொண்ணு, ஊசி போடவா போகணும்?'' என்று நானே சொல்லி அனுப்பினேன். அவளும் வேறு படிப்புக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று, பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது. நடுராத்திரி. பக்கத்துக் கட்டில் பெரியவர் கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தார். தூங்குகிறார் என்றே நான் நினைத்தேன். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் அவர் மார்பைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு வேகமாக நடந்து போய் டாக்டரை அழைத்து வந்தார். அவர் மூச்சைத்தான் எண்ணியிருக்கிறார்! பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். அந்தப் பெரியவருக்கு முப்பதைத் தாண்டியிருந்ததாம். அவர் பிழைத்துக் கொண்டார்.

சரி, திண்ணைக்கு வருவோம். ''உங்க கணக்கு நோட்டை எடுங்க'' என்றாள் அந்தப் பெண். ''ஒரு குளுக்கோஸ் பாட்டில்ல 500 மில்லி இருக்கு. அது 8 மணி நேரத்துல இறங்கணும். இந்தக் குழாயில 20 சொட்டு விழுந்தா ஒரு மில்லி. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விடணும்?''

நீங்களும் போட்டுப் பாருங்கள். 500 மில்லிக்கு 10,000 சொட்டு. 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 20.8, அதாவது ஏறக்குறைய 21 சொட்டு. பையன் 208 என்று போட்டு வைத்திருந்தான். புள்ளியைத் தொலைத்து விட்டான்! ''இதயம் பலவீனமான தாத்தாவுக்கு நீ இப்படி வேகமா விட்டா, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மூச்சு விட முடியாது'' என்றாள் அவள். பரீட்சையில் புள்ளி தப்பினால் ஒரு மார்க்தான் போகும். வார்டில் அப்படி இல்லையே!

பிறகு ஊசிக் கதைக்கு வந்தாள். இடுப்பில் ஊசி போடுவார்கள் அல்லவா? கண்ட இடத்தில் குத்த முடியாது. அங்கே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. அதில் பட்டால் கால் மரத்துப் போகலாம், நடையே கெட்டுப் போகலாம். அதனால் பின்பக்கத்தை மனசுக்குள் நாலு கட்டமாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கக் கட்டத்தில்தான் போட வேண்டும். நரம்பு எங்கே, எலும்பு எங்கே என்று தெரிய உடற்கூறு இயல். மருந்து உள்ளே போய் என்ன செய்யும் என்று தெரிய மருந்தியல். கை கழுவாமல் தொட்டால் என்ன ஆகும் என்று தெரிய நுண்ணுயிரியல். தலையணைப் புத்தகம் ஏன் என்று இப்போது புரிகிறதா?

மருந்து கொடுக்கும் முன் இவர்கள் தங்களையே சில கேள்விகள் கேட்டுக் கொள்கிறார்கள். சரியான நோயாளியா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான வழியா? சரியான நேரமா? ஒரே வார்டில் இரண்டு முருகன் படுத்திருந்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்!

படுக்கை விரிப்பது கூட முதல் ஆண்டுப் பாடம் என்றால் நம்புவீர்களா? விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும், அசைய முடியாமல் கிடப்பவருக்கு அது உறுத்தி உறுத்திப் புண்ணாகி விடும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நம் வீட்டில் பாட்டி படுக்கையில் விழுந்தால் இதை யார் செய்கிறோம்?

இனி அவள் படிக்கப் போகும் மூன்றாம் ஆண்டில் குழந்தை நலம், மனநலம், பிரசவம் பார்ப்பது எல்லாம் வருகிறது. கிராமங்களுக்கும் போவார்கள். வீடு வீடாக, குடிநீர் எப்படி, கழிப்பறை உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு எழுதுவார்கள். கடைசி அரையாண்டு முழுக்க ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி.

இப்படிக் கேட்டு எழுதிக் கணக்கெடுத்ததால்தான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெரிய காரியம் செய்தார். 1854-ல் கிரீமியப் போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கப் போனார். காயத்தால் செத்தவர்களைவிட, அசுத்தத்தால் வந்த நோயில் செத்தவர்களே அதிகம் என்பதைப் பின்னர் எண்ணிக்கையோடு படம் போட்டுக் காட்டினார். 1860-ல் லண்டனில் நர்சிங் பள்ளியும் தொடங்கினார்.

நம் பக்கத்தில் வேலூரில், டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். 1946-ல் அங்கேயும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவுக்கே அவைதான் முதல். நம் புதுச்சேரியில் ஜிப்மரிலும், கோரிமேட்டில் உள்ள அன்னை தெரசா சுகாதாரக் கல்வி நிறுவனத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பையன்களும் சேரலாம். (பலருக்கு இது தெரிவதே இல்லை!)

கிளம்பும்போது அவள் பிள்ளைகளுக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, இரண்டு விரலை மெதுவாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. பிறந்த குழந்தைக்கோ 120-க்கு மேல் கூடப் போகும்.

அன்றிலிருந்து அந்தப் பையன் யார் வந்தாலும் கையைப் பிடித்து விடுகிறான். நேற்று தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கியதும் பிடித்தான். ''சார், 112! டாக்டரைக் கூப்பிடணுமா?'' என்றான். வெயிலில் மிதித்து வந்தவரை முதலில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு எண்ணச் சொன்னேன். 84 வந்தது. நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொண்டான்.