வாசலை அளக்கும் கண்

நடப்பவர் யாரும் கதவை நாடா வைத்து அளந்துவிட்டு நுழைவதில்லை. தோள் இடிக்குமா, இடிக்காதா என்பதைக் கண் தூரத்திலேயே சொல்லிவிடும். 1987-இல் அமெரிக்காவில் வில்லியம் வாரனும் சுசான் வாங்கும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழியின் அகலம் தோள் அகலத்தைப்போல் 1.3 மடங்குக்குக் கீழே போனதும் ஆட்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைந்தார்கள். சிறிய உடம்புக்கும் பெரிய உடம்புக்கும் ஏறக்குறைய அதே விகிதம். கண்ணுக்குத் தன் உடம்புதான் அளவுகோல்.

சக்கர நாற்காலிக்குப் புதியவர்களுக்கு அந்த அளவுகோல் ஒரே நாளில் பொய்த்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் தகாஹிரோ ஹிகுச்சியும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நடக்க முடிந்தவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வாசல் போன்ற இடைவெளிகளைத் தொலைவிலிருந்து காட்டி, நுழைய முடியுமா என்று கேட்டார்கள். இடம் போதாத வழியையும் அவர்கள் போதும் என்றார்கள். எட்டு நாள் பழகியபின் கணிப்பு தேறியது. ஆனாலும் பிழை முழுதாக விலகவில்லை. புதிதாக உட்கார்ந்தவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ளும்போது, 'பார்த்து வரக்கூடாதா' என்று வீட்டார் கடிந்துகொள்வது பெரிய அநியாயம். அவர் பார்த்துத்தான் வருகிறார்.

கையால் உருட்டும் நாற்காலியில், பெரிய சக்கரத்துக்கு வெளியே கைவளையம் இருக்கிறது. அதைத் தள்ளும் விரல்முட்டிகள் அதற்கும் வெளியே. நாற்காலி 65 செ.மீ. அகலம் என்றால் 65 செ.மீ. வழி போதாது, தோல் உரிவது முட்டியில்தான். பழகியவர்கள் நெருக்கமான வாசலில் வளையத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் நிலையைப் பற்றி நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்கிறார்கள்.

திரும்புவது தனி வித்தை. இந்த நாற்காலி பின்சக்கர அச்சைச் சுற்றித் திரும்புகிறது. பாதங்கள் முன்னால் அகலமாக வீசுகின்றன. நடையிலிருந்து பக்கத்து அறைக்குள் நுழையும்போது, வாசல் தெரிந்த உடனே திரும்பினால் உள்பக்கப் பின்சக்கரம் நிலையில் மாட்டும். இன்னும் கொஞ்சம் முன்னே போய், பெரிய சக்கரம் வாசலுக்கு நேரே வந்தபின் திரும்ப வேண்டும். நடுச்சக்கரத்தில் இயங்கும் மின்நாற்காலியில் முதுகுப்பக்கமும் வீசும். கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி மட்டும் போதாது. இந்தியாவின் அணுகல் வழிகாட்டுதல்கள் வாசலுக்கு 900 மி.மீ. தடையற்ற அகலம் கேட்கின்றன. நம் வீட்டுக் குளியலறைக் கதவோ பெரும்பாலும் இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ. அதிலும் நிலைச்சட்டமும் திறந்து நிற்கும் பலகையும் பங்கு கேட்கும். எனவே கதவைத் திறந்துவைத்து, பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவே அளக்க வேண்டும். நிலையைப் பெயர்க்க வழியில்லாவிட்டால், பலகை வாசலைவிட்டு முழுதாக விலகும் வகைக் கீல்களைப் பொருத்தலாம். பலகையின் தடிமன் அளவுக்கு இடம் மிச்சமாகும்.