தொங்கும் சக்கரத்துக்கு ஒரு பூட்டு

சேற்று உழவு ஓட்டும் டிராக்டரில் ஓட்டுநரின் காலடியில் சின்னதாக ஒரு மிதி இருக்கும். பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் சேற்றில் வெறுமனே சுற்றி, வண்டி நகராமல் நின்றால் அதை மிதிப்பார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றத் தொடங்கும், வண்டி எழும்பிவிடும். திருப்பத்தில் அதை மிதிக்கக் கூடாது என்பதும் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு அத்துப்படி. கரடுமுரடான பாதைக்கென்று வண்டி தேடுகிறவர்கள் இன்று ‘டிஃப் லாக் இருக்கா?’ என்று கேட்பது இதே சாதனத்தைத்தான். ஃபோர்ஸ் குர்காவில் முன், பின் இரண்டு அச்சிலும் அது உண்டு. மகிந்திரா தார் ராக்ஸின் ஃபோர் பை ஃபோர் வகையில் பின் அச்சில் மட்டும், மின்சாரத்தால் இயங்குவது. மாருதி ஜிம்னியில் கிடையாது. அந்த வேலையை பிரேக்கை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. இதைப் பார்த்து குர்கா முதலிடம், ஜிம்னி கடைசி என்று மதிப்பெண் போடுவதில் பொருளில்லை. நாம் போகும் பாதையில் சக்கரம் எவ்வளவு அடிக்கடி தரையை விட்டு எழும்புகிறது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால், டிஃப் லாக் வேண்டுமா என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பிரித்துக் கொடுக்கும். வம்பு அங்கேதான். ஒரு சக்கரம் வழுக்குச் சேற்றில் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் பிடிக்காது என்று வைத்துக்கொள்வோம். மறு சக்கரம் பாறைமேல் நின்று 1,000 வரை தாங்கக்கூடியதாக இருந்தாலும் அதற்கும் 100தான் போகும். சேற்றுக்குப் பதில் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஃபோர் வீல் டிரைவ் போட்டுவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போடும்போது முன் அச்சும் பின் அச்சும்தான் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒவ்வொரு அச்சுக்குள்ளும் டிஃபரன்ஷியல் தன் வேலையைத் தொடர்கிறது. பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கையில் முன் இடதும் பின் வலதுமாக மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால், ஃபோர் வீல் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். டிஃப் லாக் என்ற இந்தப் பூட்டைப் போட்டால் ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். விசை முழுவதும் பிடி உள்ள பக்கம் போய்விடும்.

இதையே பிரேக்கைக் கொண்டும் செய்யலாம். வீணாகச் சுற்றும் சக்கரத்தை உணர்கருவி கண்டுபிடித்து அதை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கும். அந்தத் தடையால் மறு சக்கரத்துக்கும் அதே அளவு விசை கிடைக்கும். மேலே சொன்ன கணக்கில், பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கு 1,000 வேண்டுமென்றால் சேற்றுச் சக்கரத்தில் பிரேக் 900 தடை தர வேண்டும். இன்ஜின் 2,000 கொடுக்க வேண்டும். அதில் கிட்டத்தட்ட பாதி பிரேக்கில் சூடாகிப் போகிறது. அதோடு, சக்கரம் சற்றுச் சுற்றிய பிறகே இந்த ஏற்பாடு விழிக்கும். ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்தபடி காத்திருக்க வேண்டும். பிடி கிடைத்ததும் வண்டி வெடுக்கென்று தாவும். சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னிக்கு இந்தக் குறை பெரிதல்ல, மண் பாதையிலும் மழைச் சேற்றிலும் தாராளமாகப் போதும். ஆனால் ஆளுயரப் பாறைகளுக்கு நடுவே, ஒரு பக்கம் சரிவு இருக்க, அங்குலம் அங்குலமாக ஏறும் பாதையில் அந்தத் தாவல் ஆபத்து. பிரேக் வித்தை வந்தபின் பூட்டு பழைய சரக்காகிவிட்டது என்கிறவர்கள் இந்த நிதானத்தின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கற்பாதையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய மகிந்திரா ஜீப்புகள் டிஃப் லாக்கோடு தொழிற்சாலையிலிருந்து வந்தவையல்ல. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பிலும் அது இல்லை. அதே போரில் ஜெர்மானியர்களின் கூபெல்வாகனுக்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். குறைந்த எடையும் தானே இறுக்கிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் அதைக் காப்பாற்றின. பூட்டு இல்லாமல் முடியும் என்பதை இவை நிரூபிக்கின்றன, சரி. ஆனால் கொழுக்குமலை ஓட்டுநர் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று தினம் அதே பாதையில் பழகியவர். புதுப் பாதைக்கு வாரக் கடைசியில் போகிறவருக்கு அந்த அறிவு கிடையாது. அந்தக் குறையைப் பூட்டு ஓரளவு ஈடுகட்டும்.

‘இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம்’ என்பது அடுத்த வாதம். தொழிற்சாலையிலேயே பொருத்தி, ஓட்டுநரின் கையில் கட்டுப்பாடு இருக்கும் பின் அச்சுப் பூட்டு என்றால் நானும் வாங்குங்கள் என்றே சொல்வேன். தானாகவே பூட்டிக்கொள்ளும் இயந்திரப் பூட்டின் கதை வேறு. தாரின் சில வகைகளில் வந்த ஈட்டன் நிறுவனத்தின் பூட்டு இந்த இனம். இரு சக்கரங்களின் வேகத்துக்கும் இடையே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்ததும் அது பூட்டிக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டர் சுமாருக்கு மேல் பூட்டாது. பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்த ஈரச் சரிவில் அது பூட்டிக்கொண்டால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே பிடியை விடும், வண்டியின் பின்பகுதி கீழ்ப்பக்கம் சறுக்கும். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது நங்கூரம்போல் நிற்க வாய்ப்புண்டு. இன்னொன்று: பூட்டிய அச்சில் முழு விசையும் ஒரே அரை அச்சு வழியாகப் போகலாம். பெரிய டயர் மாட்டிய வண்டிகளில் அது முறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளியில் வாங்கிப் பொருத்துவது என்றால் பணத்தை எங்கே முதலில் போடுவது என்று யோசிக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலிலோ ராஜஸ்தான் மணல்மேடுகளிலோ நான்கு சக்கரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி புதைகின்றன. அங்கே டயர் காற்றை 30-லிருந்து 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது தரும் பலனைப் பூட்டு தராது. கவனிக்காவிட்டால் பூட்டு வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கும். காற்று இறக்கக் காசு வேண்டாம், மறுபடி ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். அதன்பின் நல்ல டயர், பிறகு வண்டியை இழுக்க உறுதியான கொக்கிகள். அச்சு தாராளமாக மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷனும் சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருப்பதால் பூட்டின் தேவையைக் குறைக்கும். இத்தனையும் இருந்து, தனியாகவே பாறைப் பாதைகளுக்குப் போகிறவர், வண்டியும் கனமானது என்றால் பின் அச்சுப் பூட்டு செலவுக்குத் தகும். உத்தரவாதக் காலத்தில் அச்சைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முன் அச்சுப் பூட்டு மிகச் சிலருக்கே தேவைப்படும். அதைப் போட்டதும் ஸ்டீயரிங் இறுகி வண்டி திரும்ப மறுக்கும். நேராக ஏறும் செங்குத்துக்கு மட்டும்தான் அது. எந்தப் பூட்டாக இருந்தாலும் தடைக்கு முன்பே, வண்டியை நிறுத்தியோ ஊர்ந்தபடியோ போட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால் பூட்டின் பல் உடையக்கூடும்.