கொசுறாக வந்த ஆக்கிரமிப்பு

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. இதை நிறுவிவிட்டால், செங்கோண முக்கோணத்தில் மற்ற இரண்டு கோணங்களும் சேர்ந்து 90 பாகை என்பதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பதும் அப்படித்தான். தேற்றம் கைக்கு வந்ததும் இவை தாமாகவே வந்து சேர்கின்றன. இப்படி வருவதைத் தமிழில் கிளைத்தேற்றம் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கொராலரி’.

லத்தீனில் ‘கொரோனா’ என்றால் மாலை, மகுடம். சிறிய மாலை ‘கொரொல்லா’. மாலைக்காகக் கொடுத்த காசு ‘கொரொல்லாரியம்’. பேசிய கூலிக்கு மேல் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பையும் பிறகு அப்படியே அழைத்தார்கள். 6ஆம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமானிய அறிஞர் போயத்தியஸ், வடிவியலில் கிரேக்கர்கள் ‘போரிஸ்மா’ என்றதற்கு ஈடாக இந்தச் சொல்லைத் தம் நூலில் கையாண்டார். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் அந்த நூலை மொழிபெயர்த்தபோது சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நம் சந்தை மொழியில் சொன்னால் இது கொசுறு: காய்க்குத்தான் காசு, கறிவேப்பிலை சும்மா வரும்.

ஆங்கில அகராதியில் ‘கொராலரி’க்கு உறவுக்காரர்கள் பலர். ஆனால் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. ‘ரிசல்ட்’ எதன் முடிவுக்கும் பொருந்தும். ‘அவுட்கம்’ தேர்தல், அறுவை சிகிச்சை போல எப்படி முடியுமோ என்று காத்திருந்தவற்றுக்கு. ‘கான்ஸீக்வென்ஸ்’ ஒரு செயலின் பின்விளைவு, பெரும்பாலும் கசப்பானது. ‘அப்ஷாட்’ நீண்ட கதையின் கடைசிச் சாரம். ‘இன்ஃபெரன்ஸ்’ கண்டதை வைத்து நாமே செய்யும் முடிவு. அது தவறவும் கூடும்.

‘கொராலரி’ இவை எல்லாவற்றையும்விடக் கறாரானது. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை மறுக்கவே முடியாது என்ற இடத்தில்தான் அதற்கு வேலை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் விபத்தில் சிக்கினால் அது ‘கான்ஸீக்வென்ஸ்’. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் அமைச்சரும் சமம்தான் என்பது ‘கொராலரி’.

மறுக்க முடியாது என்ற இந்தத் தொனி கணிதத்தோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அமெரிக்க வெளியுறவுக் கொள்கை அதை எடுத்துக்கொண்டது.

1823 டிசம்பர் 2 அன்று அதிபர் ஜேம்ஸ் மன்றோ நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் ஒரு கொள்கையை அறிவித்தார்: அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் இனிப் புதிய குடியேற்றங்களை உருவாக்கக் கூடாது, ஐரோப்பாவின் சச்சரவுகளில் அமெரிக்காவும் தலையிடாது. இதுதான் மன்றோ கோட்பாடு, நம் கணக்கில் மூலத் தேற்றம்.

1902இல் வெனிசுவேலா கடனைக் கட்டவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் போர்க்கப்பல்களை அனுப்பி அதன் துறைமுகங்களை முற்றுகையிட்டன. கடனை ஆயுதத்தால் வசூலிக்கக் கூடாது என்று அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சர் லூயிஸ் மரியா டிராகோ அப்போதே குரல் கொடுத்தார். ஆனால் 1904இல் ஹேக் நடுவர் மன்றம், முற்றுகையிட்ட நாடுகளுக்கே கடனில் முன்னுரிமை என்று தீர்ப்பளித்தது. கப்பல் அனுப்பியவனுக்கு முதல் பந்தி என்றாகிவிட்டது. அடுத்து டொமினிக்கன் குடியரசு கடனில் மூழ்கி நின்றது.

1904 டிசம்பர் 6 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் ஆண்டுச் செய்தியில் புதிய வாதத்தை வைத்தார். அக்கம்பக்கத்து நாடுகள் தொடர்ந்து தவறிழைத்தால், மன்றோ கோட்பாட்டைக் காக்கும் பொறுப்பில் உள்ள அமெரிக்கா, மனமில்லாவிட்டாலும், சர்வதேசப் போலீஸ் வேலை பார்க்க வேண்டிவரும் என்றார். வரலாற்றில் இதற்கு ‘ரூஸ்வெல்ட் கொராலரி’ என்றே பெயர்.

தேற்றம் சொன்னது, ஐரோப்பா தலையிடக் கூடாது என்று. கிளை சொன்னது, அமெரிக்கா தலையிடலாம் என்று. முன்னதிலிருந்து பின்னது எப்படி விளையும்? ஆனாலும் 1905இல் டொமினிக்கன் சுங்க வசூல் அமெரிக்கர்களின் கைக்குப் போனது. வருவாயில் 55 விழுக்காடு கடன்காரர்களுக்கு, 45 விழுக்காடு சொந்த நாட்டுக்கு. படைகளும் பின்னாலேயே வந்தன. அமெரிக்கப் படைகள் ஹெய்ட்டியில் 1915 முதல் 1934 வரை இருந்தன. டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் 1924 வரை. கொசுறு காயைவிடக் கனத்துவிட்டது.

கணக்கில் பிழை இருப்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையே பிறகு ஒப்புக்கொண்டது. துணைச் செயலர் ரூபன் கிளார்க் 1928இல் எழுதி, 1930இல் வெளியான நீண்ட அறிக்கை, ரூஸ்வெல்ட் சேர்த்த கிளைக்கு மன்றோ கோட்பாட்டின் வாசகத்தில் ஆதாரமில்லை என்றது. ஆனால் அதே அறிக்கை, தற்காப்புக்காகத் தலையிடும் உரிமையை மட்டும் கைவிடவில்லை. 1933இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ‘நல்ல அண்டை நாடு’ கொள்கைக்கு வந்தார். இருந்தும் பழக்கம் விடவில்லை. 2025 இறுதியில் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு வியூக ஆவணம், மன்றோ கோட்பாட்டுக்கு ‘ட்ரம்ப் கொராலரி’ என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

கணிதத்தில் கிளைத்தேற்றத்துக்கு உரிமையாளர் கிடையாது. யார் கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். அரசியலில் அது அதிபரின் பெயரோடு வருவதே அது தானாக விளையவில்லை என்பதற்குச் சான்று. ‘இதன் இயல்பான விளைவாக’ என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், எந்தத் தேற்றத்திலிருந்து, எந்தப் படியில் இது வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது கிளையல்ல, வெறும் ஆசை.