குறுஞ்செய்தியும் வகுப்பறையும்

கேரள மாநிலப் பள்ளிகளுக்கான பாடநூல்கள் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள காக்கநாட்டில் அச்சிடப்படுகின்றன. அந்நூல்களை ஆசிரியர் துணைகொண்டு வகுப்பறையில் பயில்வதே மாணவர்களின் நெடுநாள் வழக்கம். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவ்வழக்கம் தடைப்பட்டது. 2020 ஜூன் 1ஆம் நாள் 'கைட் விக்டேர்ஸ்' தொலைக்காட்சி வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. எனினும் தொலைக்காட்சி ஒருவழிச் சாதனம். ஐயங்களைக் கேட்கவும் பயிற்சிகளைத் திருத்தவும் கைபேசிச் செய்தியே ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பாலமாயிற்று.

பள்ளிகள் திறந்த பின்னரும் அப்பழக்கம் நீடித்தது. பாடக் குறிப்புகள் வாட்ஸ்அப் வழியே குவிந்தன. அவற்றை அச்செடுக்கும் செலவு பெற்றோர் மீது விழுந்தது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்குப் புகார்கள் சென்றன. இதனைத் தொடர்ந்து, சமூக ஊடகங்கள் வழியே குறிப்புகள் அனுப்புவதை 2024 நவம்பரில் அம்மாநில மேனிலைப் பள்ளிக் கல்வித் துறை தடை செய்தது. நேரடி வகுப்பின் பயனை மாணவர் இழக்கலாகாது என்பதே இதன் நோக்கம். அவ்வாறாயின், செய்தி கல்விக்குத் துணையா, சுமையா என்னும் வினா எழுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவில் ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. எழுத்தறிவு மையங்களில் புதிதாகப் படிக்கக் கற்ற 250 இளம்பெண்களுக்கு உருது மொழியில் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. அவர்கள் அவற்றைப் படித்து, நோட்டில் எழுதி, மறுமொழியும் அனுப்பினர். கற்றது மறந்துபோகாமல் காப்பதற்கு இம்முறை உதவியது.

போட்ஸ்வானாவில் 2020ஆம் ஆண்டு சுமார் 4,500 குடும்பங்களிடையே நடந்த ஆய்வு மேலும் தெளிவு தருகிறது. ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் சென்றன. மற்றொரு பிரிவினருக்குச் செய்தியுடன் ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் கிடைத்தது. இரண்டாம் பிரிவினரிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. செய்தி மட்டும் பெற்றோரிடம் அத்தகைய பலன் புலப்படவில்லை. கணக்கை மாணவர் எங்கே தவறவிட்டார் என்பதை ஆசிரியர் கேட்டறிந்து விளக்கும்போதே செய்தி பாடமாகிறது.

அளவும் பயனும்

சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகளே. ஆங்கிலத்தில் 160 குறியீடுகள் அதில் அடங்கும். தமிழிலோ மலையாளத்திலோ 70 மட்டுமே அடங்கும். மேலும், 'பெற்றோர்' என்னும் நான்கெழுத்துச் சொல் கணினிக் கணக்கில் எட்டுக் குறியீடுகளாகிறது. ஆகவே ஒரு தமிழ்ச் செய்தியில் ஏறத்தாழ நாற்பது எழுத்துகளையே எழுத இயலும். பாடக் குறிப்பிற்கு இந்த இடம் போதாது. ஒரு வினாவிற்குப் போதும். 'உப்பளத்தில் நீர் எங்கே போகிறது?' என்று மாலையில் கேட்டு, மறுநாள் வகுப்பில் விடைகளை விவாதிப்பது இதற்கேற்ற முறையாகும். இணைய இணைப்பில்லாத எளிய கைபேசியிலும் இச்செய்தி சென்று சேரும் என்பது குறிப்பிடத்தக்கது.

கைபேசி பெரும்பாலும் பெற்றோரிடமே இருப்பதால், அவர்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரமறிந்து செய்தி அனுப்புதல் வேண்டும். கைபேசி இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு அதே வினா கரும்பலகையிலும் எழுதப்பட வேண்டும். மறுமொழி அனுப்பாதவர் யார் என்பதைக் கவனிப்பதும் ஆசிரியரின் கடமையே. பின்தங்கும் மாணவரை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த மௌனமாகவும் இருக்கலாம்.

கேரளத் தடை ஆணையும் போட்ஸ்வானா ஆய்வும் உணர்த்துவது ஒன்றே. ஆசிரியர் தம் பணியைச் செய்தியிடம் ஒப்படைத்தால் அது சுமையாகிறது. மாணவரை ஆசிரியரிடம் மீண்டும் அழைத்து வரும்போது அது கல்விக் கருவியாகிறது. எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்பதைவிட, எத்தனை விடைகள் திருத்தப்பட்டன என்பதையே கல்வி அதிகாரிகள் கணக்கில் கொள்வது நலம்.