கொள்ளும் அவரையும்: உடல் ஏற்கும் உணவு, ஏலாத உணவு

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையன்றி வேறு உணவு இல்லை என்கிறார். பின்னைய இரண்டும் பயறினத்தைச் சார்ந்தவை. சங்கச் சான்றோர் உணவென்று போற்றிய இவற்றை இன்று ஐயத்தோடு நோக்குவோர் பெருகி வருகின்றனர். பயறுகளில் 'லெக்டின்' என்றொரு பொருள் உள்ளது, அது குடலைக் கெடுக்கும், ஆதலின் பருப்பு, அவரை, தக்காளி, கோதுமை யாவற்றையும் விலக்க வேண்டும் என்னும் கருத்து, அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் கண்ட்ரி 2017இல் வெளியிட்ட நூலால் பரவலாயிற்று. இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லெக்டின் ஒருவகைப் புரதம். உயிரணுக்களின் மேற்புறத்திலுள்ள சர்க்கரைக் கூறுகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. 1888இல் தார்ப்பத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டில்மார்க், ஆமணக்கு விதையின் சாறு குருதிச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டறிந்தார். இப்புரதங்களுக்கு 1954இல் வில்லியம் பாய்ட் என்பார், 'தேர்ந்தெடுத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று லெக்டின் என்று பெயர் சூட்டினார்.

அப்பெயரின் பொருத்தத்தைக் கொள்ளிலேயே காணலாம். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் 1951ஆம் ஆண்டு பேர்ட் என்னும் அறிஞர், கொள்ளின் சாற்றுக்கு மனிதக் குருதியணுக்களை வேறுபடுத்தித் திரட்டும் ஆற்றல் உண்டென்று எழுதினார். தக்கவாறு நீர்த்த அச்சாறு ஏ1 வகைக் குருதியணுக்களைத் திரளச் செய்யும்; ஏ2 வகையை விட்டுவிடும். குருதி வங்கிகளில் இவ்விரு வகைகளையும் பிரித்தறிய இன்றும் கொள்ளின் லெக்டின் பயன்படுகிறது. நம் இல்லங்களில் துவையலாகவும் இரசமாகவும் ஆகும் கொள், ஆய்வுக்கூடத்தில் குருதியின் வகையைக் கூறும் கருவியாதல் வியப்பன்றோ!

குருதியைத் திரட்டும் பொருளை ஈராயிரம் ஆண்டுகளாக உண்டும் நம்மவர் கெடாதது எவ்வாறு? அடுப்புத் தீயே அதற்கு விடை. லெக்டின் மிகுந்த பயறு இராஜ்மா எனப்படும் சிவப்பு அவரை. வேகாத இராஜ்மாவின் திரட்டும் ஆற்றல் 20,000 முதல் 70,000 அலகுகள் வரை. நன்கு வெந்தபின் அது 200 முதல் 400 வரையே. வேகாத விதைகள் நான்கைந்து தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் குமட்டலும் கடும் வாந்தியும், தொடர்ந்து வயிற்றுப்போக்கும் தோன்றக்கூடும். பெரும்பாலும் அவை சில மணி நேரத்தில் தாமே தணியும். அரைவேக்காடு பச்சையினும் கொடிது என்பதை நம்மில் பலர் அறியோம். ஏறத்தாழ 80 பாகை வெப்பத்திலேயே நின்றுவிட்டால் நச்சுத்தன்மை ஐந்து மடங்குவரை உயரக்கூடும் என்பர்.

ஐந்து மணி நேரமேனும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுதல் நன்று. அழுத்தக் குக்கரில் வேகவைப்பதும் தக்கதே. எரிவாயுவைச் சேமிக்கத் தெர்மல் குக்கரை நாடுவோர், முதலில் அடுப்பில் நன்கு கொதிக்கவைத்த பின்னரே அதனுள் வைத்தல் வேண்டும். முளைகட்டிய இராஜ்மாவையும் பச்சையாக உண்ணலாகாது. காசிமேட்டுத் துறைக்கும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளுக்கும் விடியுமுன் புறப்படுவோர் இல்லங்களிலும், நோன்பு நாள்களில் சஹர் நேரச் சமையலிலும் விரைவு தவிர்க்க இயலாதது. அவ்வேளைகளுக்குப் பாசிப்பருப்போ துவரம்பருப்போ ஏற்றது. பள்ளிவாசல் அண்டாவில் நெடுநேரம் கொதிக்கும் நோன்புக் கஞ்சியைப் பற்றி அஞ்ச வேண்டியதே இல்லை.

நன்கு வெந்த பயறும் சிலருக்கு ஏலாமற் போவதுண்டே எனின், அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. வயிறு உப்புதலும் வாயு மிகுதலும் பயற்றிலுள்ள செரியாச் சர்க்கரைகளால் விளைவன. அளவைக் குறைத்துச் சிறிது சிறிதாகப் பழகினால் பலருக்குத் தணியும். நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றின் அது ஒவ்வாமை. மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கோதுமையுணவால் நெடுநாள் வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் சோகையும் காணின் சீலியாக் நோயோ என்று ஆராய வேண்டும். அதற்குக் காரணம் குளூட்டனேயன்றி லெக்டின் அன்று.

'லெக்டின் ஏலாமை' என்று ஒரு நோயை உறுதிசெய்யும் சோதனை மருத்துவத்தில் இல்லை. பெரும் பணம் பெற்றுக்கொண்டு நூறு உணவுகளின் பட்டியல் தரும் 'ஐஜிஜி' சோதனைகளை ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் ஏற்பதில்லை. அதனை நம்பிப் பருப்பைக் கைவிடுதல், இறைச்சியும் மீனும் நாள்தோறும் வாங்க இயலாத குடும்பத்தில் புரதத்தையே கைவிடுவதாகும்.

உண்ட பொருள், அளவு, சமைத்த முறை, தொல்லை தோன்றிய நேரம் ஆகியவற்றை இரண்டு மூன்று வாரங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதலே செலவற்ற நல்ல வழி. ஐயத்திற்குரியதாகத் தோன்றும் உணவை மட்டும் சில நாள் நிறுத்தி, மீண்டும் உண்டு பார்க்கலாம். ஒவ்வாமையின் அறிகுறி கண்டோர் மட்டும் தாமே அவ்வாறு சோதித்தல் ஆகாது. தொல்லை நீடித்தால் அக்குறிப்பேட்டுடன் இராயபுரம் அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அண்மையிலுள்ள மருத்துவரிடமோ செல்லலாம். கோதுமையை முன்னரே நிறுத்திவிட்டால் சீலியாக் நோய்க்கான குருதிச் சோதனை நோயில்லை எனத் தவறாகக் காட்டிவிடும். ஆதலின் சோதனை முடியும்வரை சப்பாத்தியை விலக்குதல் கூடாது.