கட்டியங்காரன் இல்லாத கூத்து

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழா நடந்தேறிய வாரத்தில் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும், தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தித் தலைவிரி கோலமாக அழும் திருநங்கையரின் படம் ஒன்றாவது கண்ணில் படாமல் போவதில்லை; அதற்கு முந்திய இரவில் அதே கழுத்துகளில் பூசாரி தாலி கட்டியபோது அவர்கள் அடித்த கும்மியும், பேசிய பரிகாசமும், பட்டுக்கும் பூவுக்கும் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்துச் செய்த செலவும் அந்தப் பக்கங்களில் இடம்பெறுவது அபூர்வம். அழுகை அச்சில் நன்றாகப் பதியும் என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாக நிலவி வரும் நம்பிக்கை. திருநங்கையர் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே நடித்துக் காட்டும் நாடகங்களைப் பற்றி எழுதுக என்று ஆசிரியர் பணித்தபோது, அவரும் கண்ணீரைத்தான் மனத்தில் வைத்திருந்திருப்பார் என்று எண்ணுகிறேன். அதற்கு இந்த நாடகங்களில் குறைவில்லை. குறைவாக இருப்பது வேறொன்று.

கூத்தாண்டவர் என்று வணங்கப்படும் அரவானின் கதை வாசகர் அறிந்ததே. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையை விடிய விடிய ஆடும் வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் ஒரு விசேஷம் உண்டு. 32 லட்சணங்களும் பொருந்திய பிள்ளை களப்பலிக்கு இசைந்து நிற்கும் கட்டத்திலும் சரி, அவனுக்கு மணமகளாவதற்குக் கண்ணனே மோகினி வடிவம் கொள்ளும் கட்டத்திலும் சரி, கட்டியங்காரன் என்ற கோமாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான், திரைக்குப் பின்னால் ஆர்ப்பரித்து வரும் ராஜாவை "யாரப்பா நீ, எந்த ஊரு?" என்று கேட்பான், ஊர் வம்பை இதிகாசத்துக்குள் இழுத்துவிடுவான், சமயம் வாய்த்தால் தெய்வத்தையும் விட்டுவைக்க மாட்டான். அவன் பேச்சுக்குச் சிரித்த ஜனங்களே அடுத்த நாழிகையில் விம்முகிறார்கள் என்றால், அந்த விம்மலுக்கு ஆழம் கொடுத்தது முன்னே வந்த சிரிப்புதான் என்பது கூத்தறிந்த எவருக்கும் தெரியும்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சென்னையில் திருநங்கையரே நடிகர்களாகக் கூடிய கண்ணாடிக் கலைக்குழு, நாடக இயக்குநர் அ. மங்கையுடன் சேர்ந்து ‘மனசின் அழைப்பு’, ‘உறையாத நினைவுகள்’ என்னும் நாடகங்களை மேடைக்குக் கொண்டுவந்தபோது, தமிழ் நாடகத்தில் அதுவரை நிகழாத ஒன்று நிகழ்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்ட பையன்களின் அழகையும் குரலையும் நடையையும் வியந்து நகரங்களே பேசிக்கொண்டிருந்தன. கூத்து மேடையில் திரௌபதியாக நின்ற ஆண்பிள்ளையின் காலில் விழுந்து விபூதி வாங்கிய கிழவிகள் உண்டு. பெண் வேஷத்தைப் போற்றுவதில் தமிழ் ஜனங்கள் யாருக்கும் இளைத்தவர்களல்லர். ஆனால் விடிந்த பிறகும் அந்த வேஷத்தைக் களைய மறுத்தவரை, களைவதற்கு அது வேஷமே அன்று என்று சொன்னவரை, அதே ஊர் கல்லெடுத்து விரட்டியது. அப்படி விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்து, வெளிச்சத்தின் நடுவே நின்று, தம் பெயரைச் சொல்லித் தம் கதையைத் தாமே ஆடியது சாதாரணக் காரியமன்று.

இதைத் துல்லியமாக உணர வேண்டுமானால் திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் வாழ்க்கைக் கதையைப் படிக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆணாகக் கருதப்பட்டு வளர்ந்த அவர், மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடிய நாட்களை விவரிக்கும் பகுதி, எத்தனை முறை படித்தாலும் புதிதாகவே இருக்கிறது. நேர்த்திக்கடன் என்ற திரைக்குப் பின்னால் நின்று, ஊரார் சம்மதத்தோடும் அம்மன் சாட்சியோடும், சில நாட்கள் மட்டும் தாம் தாமாகவே இருப்பதற்கு ஒரு பிள்ளை கண்டுகொண்ட உபாயம் அது. பார்த்தவர்களுக்கு வேஷமாகவும் கட்டியவருக்கு வேஷம் நீங்கியதாகவும் அமைந்த அந்த ஆட்டத்தை விடச் சிறந்த நாடகக் காட்சியை எந்த நாடகாசிரியரும் கற்பனை செய்து எழுதிவிட முடியாது. பிறகு வீட்டைவிட்டு ஓடி, டில்லியிலும் பம்பாயிலும் குருமார்களின் நிழலில் வாழ்ந்து, பெங்களூரில் உரிமைப் பணிக்கு வந்து சேர்ந்த கதை முதலில் 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்து, மறு ஆண்டு ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதே பெயரில் அ. மங்கையின் நெறியாள்கையில் ரேவதியே தனியொருவராக நின்று நிகழ்த்திய நாடகமும் பலருக்கு நினைவிருக்கும். தாயாகவும் தமையனாகவும் குருவாகவும் போலீஸ்காரராகவும் மாறி மாறி அவரே பேச, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு புத்தகத்தின் ஆசிரியரையும் அதன் பாத்திரத்தையும் அந்தப் பாத்திரத்தின் உடலையும் ஒரே ஆளாகக் காணும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்!

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. இத்தகைய நாடகங்கள் முடிந்த பின் கலந்துரையாடல் என்று ஒன்று வைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நாடகத்தில் எந்தக் கட்டம் நன்றாக அமைந்தது, எந்த வசனம் தளர்ந்தது, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நடிகரின் நிலை எப்படி மாறியது என்றெல்லாம் அங்கே கேட்பவர்கள் சிலரே. எழுந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் முதலில் தாம் அழுததைத் தெரிவிக்கிறார்கள். பிறகு, அறுவைச் சிகிச்சை வலித்ததா, அம்மா இப்போது பேசுகிறாரா என்று விசாரிக்கிறார்கள். நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விகள்தாம். ஆயினும் ஹாம்லெட்டாக நடித்தவரைப் பார்த்து உங்கள் சிற்றப்பா சௌக்கியமா என்று எவரும் கேட்பதில்லை. நடிகரை நடிகராகப் பாராமல் சாட்சியாகவே பார்க்கும் சபை, நாளடைவில் அவரிடம் சாட்சியத்தை மட்டுமே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அந்தச் சாட்சியமும் வீட்டை விட்டு வெளியேறியது, அடிபட்டது, பசித்தது, மீண்டது என்ற வரிசையில் அமைந்தால்தான் அதற்குத் திருப்தி. சோகரசம் ஒன்றே ஒரு சமூகத்தின் சரித்திரமாகிவிடும் அபாயம் இது. துன்பம் உண்மை, அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான் என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

ஏனெனில், பழைய ஏடுகளைப் பார்த்தால் இந்தச் சரித்திரம் அழுகையில் ஆரம்பமாகவில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று பேடு. வாணாசுரனின் சோ நகரத் தெருவிலே காமன் ஆணும் பெண்ணும் கலந்த கோலத்தில் ஆடிய ஆட்டம் அது. சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காக ஆடியது என்பது உரை மரபு. மணிமேகலையில் புகார் நகரத்து வீதியில் அதே ஆட்டத்தை ஒருவர் ஆடிக்கொண்டிருக்க, சுருண்ட தாடியும் கருங்குழலும் சிவந்த வாயுமாக நிற்கும் அந்தக் கோலத்தை ஜனங்கள் கூடி நின்று ரசிக்கிறார்கள். அந்தக் கோலத்தின் பின்னால் ஒரு தந்திரம் இருக்கிறது, துணிவு இருக்கிறது, பகைவன் கோட்டைக்குள் புகுந்து அவனையே ஏமாற்றும் குறும்பு இருக்கிறது. பரிதாபம் எங்கும் இல்லை. விராட நகரத்தில் பிருகந்நளையாக இருந்த அருச்சுனனும் ராஜகுமாரிக்கு ஆடல் கற்பித்த ஆசானாகத்தான் இருந்தான், அழுதுகொண்டிருக்கவில்லை.

புராணத்தை விட்டுச் சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்கு வந்தால், கட்டியங்காரனுக்கு அங்கே இன்னும் அதிக வேலை இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எல்லோரும் அறிவர். அதன் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களைக் குறிவைத்து இயற்றப்பட்டது என்பதை அறிந்தவர் குறைவு. சென்னை ராஜதானியை அது தீண்டவில்லை. வடமேற்கு மாகாணங்களில்தான் முனைப்பாக அமலாயிற்று. ஆனால் இங்கிருந்து பம்பாய்க்கும் டில்லிக்கும் சென்று, குருவின் கீழ் கூடி வாழும் ஜமாத்துகளில் சேர்ந்த நம் திருநங்கையருக்கு அந்த வடநாட்டுக் குருமார்களின் சரித்திரமே பாட்டி வீட்டுச் சரித்திரமாகையால், இதை அந்நியமென்று தள்ளுவதற்கில்லை. அந்தச் சட்டத்தின்படி போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணைப் போல் உடுத்தியோ நகையணிந்தோ பொதுத் தெருவில் தோன்றக் கூடாது. தெருவிலிருந்து பிறர் காண வேண்டும் என்ற எண்ணத்தோடு வேறு இடத்திலும் நிற்கக் கூடாது. பொது இடத்தில் ஆடவோ வாத்தியம் வாசிக்கவோ கூடாது, கூலிக்குத் தனியார் வீட்டிலும் கூடாது. மீறினால் வாரண்ட் இல்லாமலே கைது, இரண்டாண்டு வரை சிறை. உயில் எழுதவும் பிள்ளையைத் தத்தெடுக்கவும்கூட அவர்களுக்கு உரிமை இல்லாமற் போயிற்று.

ஒரு ஜன்னலோரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காற்று வாங்க நிற்கிறாரா, காணப்படும் எண்ணத்தோடு நிற்கிறாரா என்று கண்டறியும் பொறுப்பு வீதியில் நிற்கும் காவலருடையது! காதில் கிடப்பது நகையா, வேண்டுதலுக்குப் போட்ட கடுக்கனா, கைதட்டியது தாளமா, கொசு அடித்ததா என்று அந்தக் காவலர் ஏட்டைப் பிரித்து விசாரிக்கும் காட்சி ஒன்றைக் கட்டியங்காரன் கையில் கொடுத்தால் அவன் அதை வைத்து ஒரு நாழிகை ஓட்டுவான். சிரித்து ஓய்ந்த சபைக்கு, அந்த ஏட்டில் பெயர் ஏறியவர்களின் பிழைப்பே ஆட்டமும் பாட்டும்தான் என்ற செய்தி அப்போது சென்று தைக்கும். கலையே குற்றமாக்கப்பட்ட சரித்திரத்தைக் கலையினாலேயே சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து அளித்த தீர்ப்பு, அரவான் கதையையும் இந்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒருசேர எடுத்துரைக்கிறது. நீதிபதிகளுக்கு அகப்பட்ட கதாவஸ்து நாடகக்காரர்களுக்கு அகப்படாமலா போகும்?

அகப்பட்டவர்கள் இல்லாமலில்லை. அதே 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோர் சென்னையில் பன்மை என்ற நாடகக் குழுவை அமைத்து, ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ என்ற நிகழ்வைத் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து ஊர் ஊராக நடத்தினார்கள். வித்யா 2007இலேயே ‘நான், சரவணன் வித்யா’ என்ற சுயசரிதத்தால் பிரசித்தமானவர். செம்மலர் திருநம்பி என்பதால், பெரும்பாலும் திருநங்கையரை மட்டுமே நினைக்கும் பொதுப்புத்திக்கு அந்த மேடையே ஒரு திருத்தமாக அமைந்தது. சொந்த வாழ்க்கைத் துணுக்குகளால் தொடுத்த நிகழ்வு என்றாலும், பார்ப்பவரின் அனுதாபத்தை யாசிக்காமல் அவரையே கேள்விக்குள்ளாக்கும் துடுக்கு அதில் இருந்தது. தத்துவ விசாரம் செய்யும் விமர்சகர்கள் அந்தத் துடுக்கை அரசியல் என்றார்கள்; நான் அதைக் கட்டியங்காரன் வம்சம் என்பேன்.

இந்த வம்சம் தழைக்க விடாமல் செய்வது நடிகர்களின் திறமைக் குறைவு அன்று. ஜமாத்து கூடி வழக்குப் பேசும் ஒரு மாலையை எண்ணிப் பாருங்கள்: குரு நடுவில் அமர்ந்திருக்க, சேலா என்னும் சிஷ்யை ஒருவர் மற்றொரு குருவின் வீட்டுக்குத் தாவிவிட்டார் என்று பிராது, தண்டு என்னும் அபராதம் எவ்வளவு என்று பேரம், இடையிடையே கைதட்டல், வசவு, வசவுக்குப் பதில் அதைவிட நயமான வசவு, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தேநீர். பேச்சில் இவர்களை வெல்ல எந்த வசனகர்த்தாவும் பிறக்கவில்லை. பஸ் நிலையத்தில் தம்மைக் கேலி செய்தவனை அவன் வார்த்தையைக் கொண்டே மடக்கி, சுற்றியிருந்தவர்களைத் தம் பக்கம் சிரிக்கவைத்து அனுப்பும் சாதுரியம் அவர்கள் பிழைப்பதற்காகக் கற்ற வித்தை. அது நாடகக் கொட்டகையின் வாசலிலேயே நின்றுவிடுவானேன்?

ஆதரிப்பவர்களின் விருப்பமே காரணம் என்று எனக்குப் படுகிறது. முதலில் வந்தவை நோய்த் தடுப்புப் பிரசாரத்துக்குப் பணம் தந்த ஸ்தாபனங்கள். அவற்றுக்கு விழிப்புணர்வு வேண்டியிருந்தது, ஆணுறையும் மருத்துவமனையும் கதையில் வந்தாக வேண்டும். பின்னர் வந்தவை கல்லூரிகளும் கருத்தரங்குகளும். அவற்றுக்கு மனமாற்றம் வேண்டியிருக்கிறது, மாணவர்கள் கண் கலங்கினால் நிகழ்ச்சி வெற்றி. தமிழ்நாட்டில் திருநங்கையர் தினமாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 15ஆம் தேதி வந்தாலோ, பிரமுகர்களின் உரைகளுக்கும் விருது வழங்கலுக்கும் இடையில் நாடகத்துக்கு ஒரு சொற்ப நேரம் ஒதுக்கப்படுகிறது. இருபது நிமிஷத்தில் எவரும் சபையை அழவைத்துவிடலாம். சிரிக்கவைத்து, சற்றே அலட்சியமாக உட்காரவைத்து, பிறகு சரித்திரத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்துவதற்கு அவகாசம் வேண்டும்; கட்டியங்காரன் அவகாசத்தில் வாழும் பிராணி.

அவகாசம் தரக்கூடிய இடம் நம்மிடம் இல்லாமலா போயிற்று? பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதியம்மன் கோயில்கள் தோறும் பாரதக் கூத்துக்கு இரவு இரவாக மேடை போட்டுத் தருகிறார்கள். பாய் தலையணையோடு வந்து உட்காரும் சபை, இரவு பத்து மணிக்குத் திரை பிடித்தால் காலைக் காபி வரை எழுந்திருப்பதில்லை. அந்தக் கோயில் கமிட்டிகளில் ஒன்றாவது, களப்பலிக்கு மறுநாள் இரவைத் திருநங்கையர் குழு ஒன்றுக்கு முழுசாக விட்டுக்கொடுத்து, 1871ஆம் ஆண்டின் பதிவேட்டிலிருந்து, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறும் முறையை வகுத்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் வரை உங்கள் பாரதத்தையும் ஆடுங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்குமானால், முன்வரிசையில் இடம் பிடிக்க நான் அந்தி சாயும் முன்பே போய்விடுவேன். கட்டியங்காரன் வேஷத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இருக்காது. யார் கட்டுவது என்று ஜமாத்தில் சண்டை வராமல் இருந்தால் சரி.